யாருடைய நேரத்தில் படிக்கிறோம்?

2024 ஆம் ஆண்டுச் சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பொன்னேரியில் உள்ள என் இல்லத்திற்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதை நெருங்கியவள். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஒரு தொழிற்சாலையின் பொட்டலம் கட்டும் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறவள். முகம் எனக்கு நினைவிருந்தது, பெயர் நினைவில்லை. நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தபோது என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள் என்று அவளே சொன்னாள். அவ்வாண்டு அவள் தந்தை இறந்துபோனார். தாய் கூலி வேலைக்குச் சென்றார். தம்பியர் இருவரையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மூத்த மகளின் படிப்பை நிறுத்திவிட்டனர்.

நலம் விசாரித்து, காப்பி குடித்து முடித்த பிறகு, வந்த காரியத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டீச்சர், இனிமேல் நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாமா? எழுதுவது சரியா?"

'எழுதலாமா' என்பதற்கு விடை எளிது. அரசு விதிகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். 'சரியா' என்று அவள் கேட்ட இரண்டாவது வினாதான் என்னை நிறுத்தியது. முப்பத்தெட்டு ஆண்டுகள் கரும்பலகைக்கு முன் நின்றவளுக்கு, 'படிப்பது சரியா' என்று ஒருவர் கேட்கக்கூடும் என்பதே தோன்றியதில்லை. படிப்பு நல்லது, ஆகவே படிப்பது சரி என்று இருந்துவிட்டேன்.

புறப்படும்போது அவள் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "வகுப்பில் நீங்கள் ஒருநாள் என்னை இல்லிக்குடம் என்றீர்கள், டீச்சர். ஓட்டைக் குடம் என்று அர்த்தமும் சொன்னீர்கள். அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது." அவள் சிரித்தாள், என்னால் சிரிக்க இயலவில்லை. அன்று முதல் என் உள்ளத்தில் ஓடியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இது ஒருத்தியின் வினா மட்டும் அன்று. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிவரை ஓடும் மின்தொடர் வண்டியில் காலையோ மாலையோ ஏறிப் பாருங்கள். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நிலையத்துக்கு நிலையம் ஏறி இறங்குபவர்களில், படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தமிழ் எழுத்தைக் கடைப் பலகையில் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. போர் குலைத்த பள்ளிப்படிப்பின் கதைகள் அங்கு உண்டு. வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டாரங்களில் உள்ள நம் சிற்றூர்களிலிருந்து வேலை தேடி வந்து, ஐ.டி.ஐ. சான்றிதழோடு எந்திரத்தின் முன் நிற்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 'விட்டதைத் தொடரலாமா?' என்னும் கேள்வி இவர்களுள் பலரிடம் இருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் அது உள்ளேயே கிடக்கிறது.

முதலில் 'எழுதலாமா' என்பதற்கு விடை காண்போம். எட்டாம் வகுப்புத் தேறியவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றிலும் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். அறிவியலுக்கு மட்டும் செய்முறைப் பயிற்சிக்கெனத் தனியே பதிவு செய்து, ஒதுக்கப்பட்ட பள்ளிக்குச் சென்று வரவேண்டும். தவறிய பாடங்களை மட்டும் பிறகு எழுதலாம். 1989 இல் மைய அரசு தோற்றுவித்த தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழி இன்னும் நெகிழ்வானது. ஓரிரு பாடமாகத் தேறி, ஐந்தாண்டுகளுக்குள் முடித்துக்கொள்ளலாம். ஐ.டி.ஐ.யில் ஈராண்டுப் படிப்பை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. பட்டப்படிப்பை நாடுவோர்க்கு, 2002 இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

வயதோ தடையே இல்லை. ஆலப்புழை மாவட்டத்தில் கோயில் பெருக்கும் பணி செய்து வாழ்ந்த கார்த்தியாயினி அம்மா, 2018 ஆம் ஆண்டு கேரள எழுத்தறிவுத் தேர்வை எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பெற்றார். அப்போது அவருக்கு வயது 96. கென்யா நாட்டில் கிமானி மருகே என்னும் முதியவர், தொடக்கக் கல்வி இலவசமாக்கப்பட்டதைக் கேள்வியுற்று, 2004 இல் தம் 84 ஆம் வயதில் சீருடை அணிந்து முதல் வகுப்பில் சேர்ந்தார். இவர்களை எண்ணும்போது நெஞ்சு நெகிழ்கிறது. ஆயினும் என் மாணவியின் கேள்விக்கு இவர்கள் முழு விடை ஆகமாட்டார்கள். கார்த்தியாயினி அம்மா தேர்வெழுதிய காலத்தில், காலை ஏழு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் அவர் வாயிலில் வந்து நிற்கவில்லை. இரவுச் சோற்றுக்கு அவர் கையை எதிர்பார்த்துப் பிள்ளைகள் காத்திருக்கவில்லை. நடுவயதில் உழைத்துக்கொண்டிருப்பவரின் சிக்கலே வேறு.

பொதுவாக இக்கேள்வியை நாம் ஒரு வணிகக் கணக்காகப் போட்டுப் பார்க்கிறோம். இத்தனை ஆயிரம் செலவு. தேறினால் சம்பளத்தில் இத்தனை கூடும். எத்தனை ஆண்டில் போட்ட முதல் திரும்பும்? இக்கணக்கை நான் இழிவாகக் கருதவில்லை. ஏழையின் வீட்டில் நூறு ரூபாயும் கணக்குக்கு உரியதே. என் மாணவிக்கும் அக்கணக்கு இருந்தது. புதிதாக வரும் பெண்களுக்கு வேலை பழக்கிக் கொடுப்பவள் அவள். அவளிடம் பழகிய பெண் பத்தாம் வகுப்புத் தேறியவள் என்பதால் ஈராண்டில் மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறாள். பழக்கியவள் உதவியாளராகவே இருக்கிறாள். இதை மாற்ற ஒரு சான்றிதழ் வேண்டும் என்று அவள் நினைத்தால் அதில் பேராசை ஏதும் இல்லை.

ஆனால் சான்றிதழ் வேண்டுமா, அறிவு வேண்டுமா என்பதைத் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வது நலம். இரண்டும் தக்க விருப்பங்களே. அவற்றுக்கான பாதைகள் வேறு. சான்றிதழ் வேண்டுவோர், அதை யார் ஏற்பார்கள் என்று பணம் கட்டுமுன் உறுதி செய்துகொள்ள வேண்டும். அரசுப் பணியை எண்ணுவோர் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்னும் வரிசையைத் தவறவிடலாகாது; படி தாண்டிப் பெற்ற பட்டத்தோடு பின்னாளில் வருந்தியவர்கள் உண்டு. 'ஆறே மாதத்தில் பட்டம்' என்னும் சுவரொட்டியை நம்பி, கைமாற்று வாங்கிக் கட்டிய பணத்தை இழந்த ஒருவரை நான் அறிவேன். அறிவு வேண்டுவோர்க்கோ நூலகம் போதும், நல்ல துணை போதும், சில வேளை தம் பிள்ளையின் பாடநூலே போதும். தேவையின்றிப் பட்டத்தின்மேல் பட்டம் அடுக்குவதும் ஒருவகைப் பொருட்சேர்ப்பே. மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகக் கொண்ட நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் எண்ணிய பிறகும் 'சரியா' என்னும் வினா அப்படியே நின்றது. பணத்தையும் வயதையும் தாண்டி, அவள் மனத்தை உறுத்தியது யாது? மறுவாரம் அவளை வரச்சொல்லி, ஒரு தாளில் அவளுடைய நாளை எழுதச் சொன்னேன்.

காலை நாலரைக்கு எழுதல். நீர் பிடித்தல், சமையல், மகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்தல். ஆறேகாலுக்குப் பஸ். ஏழு முதல் மூன்றரை வரை ஷிப்டு. வீடு திரும்ப நாலரை. கடை, துணி, சமையல், படுத்த படுக்கையாய் இருக்கும் தாய்க்குப் பணிவிடை. கணவர் சரக்கு வண்டி ஓட்டுநர். வரும் நேரம் உறுதியில்லை. பத்தரைக்கு உறக்கம். இது ஒரு வாரம். அடுத்த வாரம் ஷிப்டு மாறும். அட்டவணை முழுவதும் தலைகீழாகும். எந்த மாலை வகுப்புக்கும் தொடர்ந்து செல்ல இயலாமைக்கு இதுவே காரணம். வாரத்துக்குப் பத்து மணி நேரம் படித்தால் நாற்பது வாரத்தில் நானூறு மணி ஆகும். பத்தாம் வகுப்புக்கு அது போதும் என்பது என் அனுபவக் கணிப்பு. ஆனால் அந்தத் தாளில் பத்து மணி எங்கே இருக்கிறது? அவள் உறக்கத்தில் இருக்கிறது. மகளோடு பேசும் நேரத்தில் இருக்கிறது. தாய்க்குக் கால் பிடித்துவிடும் நேரத்தில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உழைக்கும் மனிதருக்குச் சும்மா கிடக்கும் நேரம் என்று ஒன்று இல்லை. படிப்புக்கு அவர் எடுக்கும் ஒவ்வொரு மணியும் யாரோ ஒருவரிடமிருந்து வாங்கும் கடன். வயதில் வரும் கல்வியின் அறக்கேள்வி இதுவே: யாரிடம் கடன் வாங்குகிறோம்? கேட்டு வாங்குகிறோமா, கேளாமல் எடுத்துக்கொள்கிறோமா? எப்படித் திருப்பிக் கொடுப்போம்?

இதை நான் பிறர் கதையிலிருந்து கற்கவில்லை. என் வாழ்விலேயே கற்றிருக்க வேண்டும், கற்காமல் இருந்துவிட்டேன்.

பதினோராம் வகுப்பு முடித்து, இடைநிலை ஆசிரியர் பயிற்சி பெற்று, 1970 இல் நான் பணியில் சேர்ந்தேன். திருமணமாகி இரு குழந்தைகள் பிறந்தபின் பட்டம் பெறும் ஆசை வந்தது. 1981 இல் சென்னைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது, தபாலில் பாடம் வரும், வீட்டிலிருந்தே படிக்கலாம் என்ற செய்தி என்னைப் போன்றோர்க்குப் பெரும் வரமாக இருந்தது. தமிழ் பி.ஏ. படித்தேன், மூன்றாண்டில் தேறினேன். பள்ளியில் பாராட்டினார்கள். 'வீட்டையும் பார்த்துக்கொண்டு, வேலையையும் பார்த்துக்கொண்டு எப்படிப் படித்தாய்?' என்று வியந்தார்கள். நானும் என்னை வியந்துகொண்டேன்.

உண்மை என்னவெனில், வீட்டை நான் பார்க்கவில்லை. என் மாமியார் பார்த்தார். குழந்தைகளைக் குளிப்பாட்டியவரும் ஊட்டியவரும் அவரே. பொழுது சாயுமுன் எங்கள் வீட்டில் உணவு முடிந்துவிடும். அதன்பின் விளக்கடியில் நான் புத்தகத்தோடு அமர, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். அவர் எழுத்தறியாதவர். பக்தாமரத்தைச் செவிவழியாகவே மனனம் செய்தவர். ஒருநாள் இரவு என் அருகில் வந்து அமர்ந்து, "என் பேரை எழுதக் கத்துக்குடேன் அம்மா; நிலப் பத்திரத்தில் கைநாட்டு வைக்க வெட்கமாக இருக்கிறது" என்றார். எனக்கு மறுவாரம் தேர்வு. "பரீட்சை முடியட்டும் அத்தை" என்றேன். பரீட்சை முடிந்தது. அடுத்த ஆண்டுப் பரீட்சையும் முடிந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. 1991 இல் அவர் காலமானார். பத்திரங்களில் அவருடைய கட்டைவிரல் இரேகைதான் இருக்கிறது.

அந்த 1991 ஆம் ஆண்டில்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அங்கு ஆயிரக்கணக்கான உழைக்கும் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அச்செய்திகளைப் படித்துவிட்டு வகுப்பில் பெருமையோடு பேசினேன். என் வீட்டில் கேட்ட ஒருவருக்கு நான் ஐந்து எழுத்துக் கற்பிக்கவில்லை என்பது அப்போதும் உறைக்கவில்லை. என் மாணவி 'இல்லிக்குடம்' என்ற சொல்லை நினைவூட்டிய அன்று இரவுதான் உறைத்தது.

அச்சொல் நன்னூலில் வருவது. சமண முனிவரான பவணந்தியார் தம் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தரம் பிரித்து, அன்னத்துக்கும் பசுவுக்கும் ஒப்பானவரை முதல்நிலையிலும், ஓட்டைக் குடத்துக்கு ஒப்பானவரைக் கடைநிலையிலும் வைக்கிறார். இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி, பிள்ளைகளைப் பெயர் சூட்டிச் சிரித்திருக்கிறேன். ஆனால் அதே பாயிரத்தில் மாணாக்கருக்கு முன்னதாகவே ஆசிரியர் இலக்கணம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும், ஆசிரியராகத் தகாதவர்க்கும் அங்கே உவமைகள் உண்டு என்பதையும் நான் வகுப்பில் அழுத்திச் சொன்னதில்லை. அவற்றுள் ஒன்று மடற்பனை. கருக்கு மட்டைகளால் தன்னைச் சூழ்ந்துகொண்டு, தானாக விழும் பழத்தைத் தவிர, ஏறிப் பறிக்க யாரையும் விடாத மரம். தந்தையை இழந்து, தம்பிகளைத் தூங்கவைத்துவிட்டு அரைத் தூக்கத்தோடு வகுப்புக்கு வந்த சிறுமியை ஓட்டைக் குடம் என்றேன். கற்றுக்கொடு என்று கேட்ட மாமியாரை நாளைக்கு என்றேன். மடற்பனையாக இருந்தவள் நானே.

இங்கே ஒரு தடை எழக்கூடும். 'படிப்பு பிறர் நேரத்தைத் தின்னுமானால், குடும்பக் கடமை உள்ளவர் படிக்காமல் இருப்பதே அறம் அன்றோ?' என்று சிலர் கேட்பர். இக்கேள்வியைப் பெண்களிடமே மிகுதியாகக் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆண்மகன் மாலைக் கல்லூரியில் சேர்ந்தால் வீடு அவனுக்காகத் தன் ஒலியைத் தாழ்த்திக்கொள்கிறது. பெண் சேர்ந்தால் 'சமையல் யார் செய்வது?' என்கிறது. கடன் என்று நான் சொல்வது கடன் வாங்காதே என்பதற்கு அன்று. உழவனுக்கு விதைக்கடன் குற்றம் ஆகுமா? தருபவரும் பெறுபவரும் அறிந்து, மனமொத்துச் செய்யும் கடனால் வீடு வளரும். ஒருவர் ஓசையின்றி எடுத்துக்கொண்டு, மற்றவர் ஓசையின்றி இழப்பதுதான் தவறு.

கடன் தருவது குடும்பம் மட்டுமே என்றும் இருக்க வேண்டியதில்லை. சமுதாயமும் தரலாம், தந்திருக்கிறது. நம் சென்னையிலேயே அதற்குச் சான்று உண்டு. இளமையில் கைம்பெண்ணாகி, படித்துப் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, கைம்பெண்களுக்காக ஓர் இல்லம் நடத்தினார். பதினெட்டு வயதைக் கடந்தவர்களை அவ்வில்லத்தில் சேர்க்க விதி இடந்தரவில்லை. 'வயதாகிவிட்டது, போ' என்று திருப்பியனுப்ப மனமின்றி, வயதுவந்த பெண்களுக்காகவே 1927 இல் சாரதா வித்யாலயம் தொடங்கப்பெற்றது.

துர்க்காபாய் தேஷ்முக் அம்மையாரின் வாழ்வு இன்னும் நெருக்கமான பாடம். ராஜமுந்திரியில் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். உப்பு அறப்போரில் ஈடுபட்டுச் சிறை சென்று மீண்டபின், இருபது வயதைக் கடந்த நிலையில் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனியே எழுதினார். 1939 இல் ஆந்திரப் பல்கலைக்கழகப் பட்டமும், 1942 இல் சென்னையில் சட்டப் பட்டமும் பெற்றார். அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தார். அவர் வாழ்வில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது இந்தப் பட்டங்கள் அல்ல. பெற்ற நேரத்தைத் திருப்பிக் கொடுத்ததே. 1937 இல் சென்னையில் ஆந்திர மகிளா சபையை அமைத்துப் பெண்களைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தார். பின்னர் மத்திய சமூகநல வாரியத்தின் தலைவராக இருந்தபோது, 1958 இல் வயதுவந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. பள்ளியில் பல ஆண்டுகளில் படிப்பதை ஈராண்டில் முடித்துத் தேர்வெழுத வைத்த திட்டம் அது. 'உங்களிடம் நேரம் இல்லை. ஆகவே பாடத்தின் நீளத்தை நாங்கள் குறைத்துக்கொள்கிறோம்' என்று ஓர் அமைப்பு உழைக்கும் பெண்ணிடம் சொன்னதாகவே அதை நான் காண்கிறேன்.

வேலை தருவோரும் இதில் பங்காளிகளே. கல்விக்காகச் சம்பளத்தோடு விடுப்பு தரவேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1974 இல் ஓர் உடன்படிக்கையே இயற்றியது. நம் மாநிலத்தில் 2023 ஏப்ரல் மாதம், ஒரு நாளில் பன்னிரண்டு மணிநேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் மே மாதத் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டது. அச்செய்தியைப் படித்தபோது, என் மாணவி தாளில் எழுதிய அட்டவணை என் கைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்: எட்டு மணி வேலையிலேயே பத்து மணிநேரப் படிப்பு வாரத்தில் கிடைக்கவில்லை, பன்னிரண்டு மணி வேலையில் கல்வி என்னும் சொல்லுக்கே இடமிராது. பெரிய சட்டங்கள் வேண்டாம். தேர்வெழுதுகிறவருக்கு மூன்று மாதம் ஷிப்டு மாற்றாமல் இருந்தால்கூட ஒரு முதலாளி செய்யும் பேருதவி அது. நம் சமுதாயத்தில் தொழிற்கூடம் நடத்துவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

கல்வி பற்றி நம் அறநூல்கள் கூறுவதையும் இங்கு நினைத்தல் தகும். அறிவை மறைக்கும் வினையை ஞானாவரணீயம் என்கிறோம். அவ்வினை உயிரிடம் வந்து சேர்வதற்கான காரணங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. அறிந்ததை மறைத்தல், பிறருக்குக் கற்பிக்க மனமின்மை, கற்பவருக்கு இடையூறு செய்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். கல்லாமையை வினையின் பயன் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கற்க வந்தவரைத் தடுப்பவருக்கே அவ்வினை சேர்கிறது என்பதை நினைக்கிறோமா? 'இந்த வயதில் உனக்கு ஏன்?' என்று கேலி பேசும் உறவினரும், விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கும் மேலாளரும், இல்லிக்குடம் என்று பெயர் சூட்டிய ஆசிரியையும் இதைக் கேட்டுத் திடுக்கிட வேண்டியவர்களே. ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களில் சாஸ்திரதானத்தை நூல் அச்சிட்டு வழங்குவதோடு முடித்துக்கொள்கிறோம். படிக்க நினைக்கும் ஒருவரின் குழந்தையை வாரம் இரண்டு மாலை பார்த்துக்கொள்வதும் சாஸ்திரதானமே என்பது என் துணிபு.

இப்படிச் சொல்வதால், கேட்கும் எல்லாரையும் 'படி, படி' என்று ஊக்குவதே சரி என்று நான் கருதவில்லை. என் மாணவி வந்து சென்ற சில மாதங்களில், கவரைப்பேட்டையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மாலைநேர டிப்ளமோ படிப்பில் சேர விரும்பினார். மனைவி நிறைமாதம், தலைக்குமேல் கடன், தொடர்ந்து இரவு ஷிப்டு. "மனைவி என்ன சொல்கிறார்?" என்றேன். "இன்னும் சொல்லவில்லை" என்றார். இப்போது வேண்டாம், முதலில் வீட்டில் சொல்லுங்கள், ஈராண்டு கழித்து வாருங்கள் என்றேன். அவர் முகம் வாடியது. ஆயினும் அதுவே சரியான விடை என்று இன்றும் நினைக்கிறேன். தள்ளிவைப்பது கைவிடுவது ஆகாது. ஆனால் 'பரீட்சை முடியட்டும்' என்று நான் சொன்னதைப்போல் நாள் குறிக்காமல் தள்ளிவைத்தால் அது கைவிடுவதாக முடியும். எனவே அவரிடம் ஒரு மாதமும் ஆண்டும் குறித்து வாங்கிக்கொண்டேன்.

என் மாணவிக்கு நான் சொன்ன விடை இது. "எழுது. சரிதான். ஆனால் மூன்று காரியம் செய். முதலாவது, யாருடைய நேரத்தை எடுக்கப்போகிறாய் என்று அவரவரிடம் நேரே கேள். கணவரிடம் கேள், மகளிடமும் கேள். இரண்டாவது, ஒரே ஆண்டில் ஐந்து பாடமும் தேறவேண்டும் என்று உன்னை வருத்தாதே; விட்ட பாடத்தை மறுபடி எழுதலாம். மூன்றாவது, கற்றதைக் கற்ற அன்றே வீட்டில் யாருக்காவது சொல். கடனை முடிவில் மொத்தமாகத் திருப்புவோம் என்று இருந்தவள் நான். அப்படி இருந்தால் திருப்ப ஆள் இருக்கமாட்டார்கள்."

நன்னூலார் தகாத ஆசிரியர்க்குக் கூறிய மற்றோர் உவமை முடத்தெங்கு. ஒருவர் நீர் வார்க்க, வளைந்து சென்று அடுத்தவர் முற்றத்தில் காய் உதிர்க்கும் தென்னை. அது கற்கும் குடும்பத்தாருக்கும் பொருந்தும் என்று அவளிடம் சொன்னேன். நீர் வார்க்கிறவர்கள் முற்றத்தில் இரண்டு காயாவது விழவேண்டும்.

அவள் கேட்டாள். கணவர் முதலில் சிரித்தாராம். பின்னர் ஞாயிறு சமையல் தன் பொறுப்பு என்றாராம். தாயைப் பக்கத்து வீட்டம்மாள் வாரம் இருமுறை பார்த்துக்கொண்டார். மகள் கேட்ட கூலி, 'எனக்கும் சேர்த்துச் சத்தமாகப் படி' என்பதாம். எட்டாம் வகுப்பு மகளும் பத்தாம் வகுப்புத் தாயும் ஒரே விளக்கில் அமர்ந்தார்கள். ஞாயிறு தோறும் என்னிடம் வந்தாள். தமிழும் சமூக அறிவியலும் சொல்லிக்கொடுத்தேன். அறிவியல் செய்முறைக்காக வேலை இழந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள். அதையும் சேர்த்தே கணக்கெழுதினோம்.

2025 ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்று பாடங்களில் தேறினாள். ஆங்கிலமும் கணக்கும் நின்றன. துணைத் தேர்வில் ஆங்கிலம் தேறியது. கணக்கு இன்னும் நிற்கிறது. சென்ற முறை ஆறு மதிப்பெண் குறைந்தது. மேற்பார்வையாளர் பதவி இன்னும் வரவில்லை. வருமா என்று எனக்கு உறுதி கூறத் தெரியாது.

சென்ற வாரம் வந்தபோது அவள் ஒன்று சொன்னாள். படுக்கையில் இருக்கும் அவள் தாய், பேத்தியிடம் கேட்டுத் தம் பெயரை எழுதப் பழகிவிட்டாராம். கை நடுங்குவதால் எழுத்துகள் கோணலாக வருகின்றன என்று சொல்லி, ஒரு தாளைக் காட்டினாள். நான் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் உங்கள் படிப்புக்காக, உங்கள் கணவரின் படிப்புக்காக, உங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகத் தம் நேரத்தைக் கேளாமலே தந்திருப்பார். அவர் இன்று உயிரோடு இருந்தால், அவருக்குக் கற்க விருப்பமானது ஏதாவது உண்டா என்று இன்றே கேளுங்கள். பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.